மாமாவோட பழைய பெர்கசனும் அதோட காபரேட்டரும்

மாமாவோட பெர்கசன் ட்ராக்டருக்கு புது காபரேட்டர் (பெட்ரோலயும் காத்தையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புற சாமான்) வாங்கிப் போட்ருங்கன்னு நுவரெலியா பக்கத்துல எங்க ஊரு கந்தப்பளையில ஆளாளுக்கு சொன்னாங்க, நான்தான் வேணாம்னு பிடிவாதமா நின்னேன். ஏன்னா அது 1950கள்ல இங்கிலாந்து கவென்ட்ரியில செஞ்ச சாம்பல் கலர் டீ.ஈ.20, பெட்ரோல் மாடல், கூடவே வந்த ஜெனித் காபரேட்டர் இன்னும் அதுலயே இருக்கு, பாடியில ஒரு வெடிப்பு கெடயாது. அத கழட்டி வீசிட்டு என்ன ஜெட் (பெட்ரோல் அளவா வர்ற சின்ன ஓட்டை உள்ள பித்தளை சாமான்) போட்ருக்கான்னே தெரியாத ஒன்ன மாட்ட எனக்கு மனசு வரல.

வியாதி ஆரம்பிச்சது 2022லதான். பெட்ரோல் இல்லாம நாடே வரிசையில நின்னப்ப ட்ராக்டரையும் கொட்டகையில போட்டுட்டோம், காபரேட்டரோட கிண்ணத்துல மிச்சம் இருந்த பெட்ரோல் காஞ்சு பிசினாயிருச்சு. அதுக்கப்புறம் ஸ்டார்ட் ஆனாலும் ஸ்லோவுல (த்ராட்டில் குடுக்காதப்ப) நிலையா ஓடாது, லீக்ஸ் மூட்டை ஏத்துன ட்ரெயிலர இழுக்கச் சொன்னா இருமும், கறுப்புப் புகை வேற.

கழட்டிப் பாத்தா கிண்ணத்து அடியில பழுப்பு நெறத்துல ஒரு படை, மெயின் ஜெட்ட வெளிச்சத்துக்கு நேரா புடிச்சா ஓட்டையே தெரியல. இங்க தயவுசெஞ்சு ஒன்னு கேளுங்க, ஜெட்டுக்குள்ள கம்பி விடவே கூடாது. பித்தளை மிருதுவான சாமான், கம்பி ஒரு தடவ போய் வந்தாலே ஓட்டை பெருசாகிரும், அப்புறம் அது குடிக்கிற பெட்ரோல யாராலயும் அடக்க முடியாது. காபரேட்டர் கிளீனர்ல ஊறப்போட்டு, நைலான் தூண்டில் நரம்பால மெதுவா குத்தி, கம்ப்ரஸர்ல காத்தடிச்சா போதும். ஜெட்டு மட்டும் இல்ல, பாடிக்குள்ள போற சின்னச் சின்ன வழிகளுக்கும் இதேதான்.

கிண்ணத்துல பெட்ரோல் மட்டத்த அளவா வைக்கிற மிதவைய சுடுதண்ணியில அமுக்கிப் பாத்தோம், ஓரத்துல இருந்து குட்டிக் குட்டியா காத்து முட்டை வந்துச்சு, அப்ப ஓட்டை இருக்கு. உள்ள இருந்த பெட்ரோல முழுசா வெளியேத்தி நல்லா காயவச்சுட்டுதான் ஈயம் வச்சோம், அதுவும் ரொம்பக் கொஞ்சமா, ஏன்னா மிதவை கனமானா கிண்ணத்துல பெட்ரோல் மட்டம் ஏறிரும். கிண்ணத்துக்கு வர்ற பெட்ரோல அடைக்கிற நீடிலும் அது உக்கார்ற சீட்டும் புதுசு, கேஸ்கட்டும் புதுசு, எல்லாமே கொழும்பு பஞ்சிகாவத்தையில வாங்குனது.

எல்லாரும் விட்டுட்டுப் போற எடம் த்ராட்டில் ஸ்பிண்டில், அதாவது எஞ்சினுக்குப் போற கலவைய கூட்டிக் குறைக்கிற மூடியோட தண்டு. விரலால ஆட்டுனா டக் டக்னு ஆடுச்சு, அந்த இடுக்கு வழியா கள்ளக்காத்து உள்ள போகும், நீங்க எத்தன தடவ ஜெட் கழுவுனாலும் ஸ்லோ நிக்காது. லேத்துல குடுத்து புஷ் (தண்டு ஆடாம பிடிக்கிற வளையம்) அடிச்சோம், என்னைக் கேட்டா பாதி வியாதி அதுலயே போயிருச்சு.

மிச்சப் பாதி நம்ம ஊரு காத்து. நுவரெலியா டவுனே 1868 மீட்டர் உயரம், காத்தழுத்தம் கடல் மட்டத்த விட கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு கம்மி. ஜெட் வழியா வர்ற பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையாது, அதனால கலவையில பெட்ரோல் கூடி, அது கெட்டியாகி ப்ளக் கரி புடிக்குது. கொழும்புல செட் பண்ணி அனுப்புன காபரேட்டர் இங்க ஏன் புகையுதுன்னு கேக்குறவங்களுக்கு இதுதான் பதில். காபரேட்டர்ல ஸ்லோவ செட் பண்ற ஸ்க்ரூ காத்த கட்டுப்படுத்துறது, உள்ள முறுக்குனா கெட்டி, வெளிய எடுத்தா லேசு. எஞ்சின நல்லா சூடாக்கிட்டு, அது சீரா ஓடுற எடம் வர்ற வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா வெளிய எடுங்க.

மாட்டுன ஒடனே ஸ்டார்ட் பண்ணாதீங்க. டேங்க் டெப்ப தொறந்துட்டு பத்து நிமிசம் சும்மா பாருங்க, இது கீழ இருந்து மேல இழுக்குற காபரேட்டர், நீடில் ஒழுகுனா பெட்ரோல் காத்து வர்ற வழியா கீழதான் சொட்டும், அந்த நேரம் பொறி பட்டா தீதான். சொட்டலன்னா கியர் லீவர எஸ்னு (S) இருக்க எடத்துக்குத் தள்ளுங்க, இந்த மாடலுக்கு ஸ்டார்ட்டர் அங்கதான் இருக்கு.

காபரேட்டர் ரிப்பேர் கிட் வாங்கப் போறவங்க பழைய ஜெட்ட கையோட கொண்டு போங்க, அதுல அடிச்சிருக்க நம்பரும் புதுசுல இருக்க நம்பரும் ஒன்னான்னு கடையிலயே பாத்துட்டு காசக் குடுங்க.