கேமரா எங்கே நின்றது?

படத்தில் இருந்த சைக்கிள்காரரிடம் எந்தக் குறையும் இல்லை. முதுகை வளைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, பெடலை அழுத்தி மிதிக்கிறார். ஆனால் படத்தைப் பார்த்த எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: "வண்டி நிக்கிற மாதிரி இருக்கே." எடுத்தவர் ஷட்டரை, அதாவது கேமராவுக்குள் ஒளியை விடும் கதவை, 1/2000 நொடி மட்டும் திறக்கும்படி வைத்திருந்தார். ஸ்போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். பின்னால் இருந்த மரங்கள் இலை இலையாகத் தெரிந்தன.

ஒரு விளம்பர ஸ்டுடியோவில் ரீடச்சிங் வேலைக்கு, அதாவது எடுத்த படங்களைக் கணினியில் திருத்தும் வேலைக்குச் சேர்ந்து எனக்கு அப்போது சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. படம் என் மேஜைக்கு வந்தது. ஆளையும் வண்டியையும் செலக்‌ஷன் எடுத்தேன், பின்னணியைத் தனி லேயராக்கினேன், போட்டோஷாப்பில் படத்தை ஒரே திசையில் கலங்கவைக்கும் மோஷன் பிளர் ஃபில்டரைப் போட்டேன். கோணம் பூஜ்யம், தூரம் 60 பிக்சல். அவ்வளவுதான். நன்றாக வந்திருக்கிறது என்ற நம்பிக்கையோடு எங்கள் குழுவில் மூத்தவரான அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஒன்றே ஒன்று கேட்டார். "தம்பி, கேமரா எங்க நின்னுச்சு?"

எனக்குக் கேள்வியே புரியவில்லை. அவர் மவுஸை வாங்கி, சைக்கிள் ஃப்ரேமின் முக்கோணத்துக்குள் படத்தைப் பெரிதாக்கினார். அந்த இடைவெளியில் தெரிந்த புல் நுனி நுனியாகத் தெளிவாக இருந்தது. கைக்கும் இடுப்புக்கும் நடுவே ஒரு மரக்கிளை, அதுவும் அப்படியே. வண்டிக்கு வெளியே உலகம் ஓடுகிறது, வண்டியின் சந்துபொந்துகளில் அதே உலகம் நிற்கிறது. படத்தைப் பார்க்கிறவர் இந்த இடத்தைக் கண்டுபிடித்துச் சொல்ல மாட்டார். ஏதோ வெட்டி ஒட்டியது போல இருக்கிறது என்று மட்டும் அவர் கண்ணுக்குத் தோன்றிவிடும்.

ஷட்டர் திறந்திருந்த நேரத்துக்குள் கேமராவுக்கும் பொருளுக்கும் நடுவே நடந்த நகர்வுதான் பிளர். எங்கள் வேலையில் அதை 'இழுவை' என்போம். கேமரா ஆடாமல் நின்றிருந்தால் தெரு தெளிவாக இருக்கும், வண்டி இழுபடும். வண்டியின் கூடவே கேமராவைத் திருப்பியிருந்தால், அதாவது பேனிங் செய்திருந்தால், வண்டி தெளிவாக இருக்கும், தெரு இழுபடும். எது ஓடியது என்பதோடு, எதைத் தொடர்ந்து கேமரா போனது என்பதும் படத்தில் பதிவாகிறது. நான் அதைப்பற்றி யோசிக்கவே இல்லை. ஒரு ஃபில்டரைப் போட்டேன், அவ்வளவே.

அன்று மதியம் அக்கா ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டியது இன்றும் எனக்கு உதவுகிறது. சைக்கிள் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் போவதாக வைத்துக்கொள்வோம். நொடிக்கு 10 மீட்டர். 1/2000 நொடியில் அது நகர்வது அரை சென்டிமீட்டர். இதே காட்சியை 1/50 நொடியில் எடுத்திருந்தால் 20 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். படத்தில் சைக்கிளின் நீளம் ஏறத்தாழ 3400 பிக்சல். சைக்கிளின் உண்மையான நீளம் 1.7 மீட்டர். அப்படியானால் ஒரு மீட்டருக்கு 2000 பிக்சல், 20 சென்டிமீட்டருக்கு 400 பிக்சல். நான் போட்டிருந்ததோ 60. அந்தப் படத்தில் 60 பிக்சல் என்றால் 3 சென்டிமீட்டர்; யாரோ வண்டியை உருட்டிக்கொண்டு போகிற வேகம்.

கணக்கு சக்கரத்தையும் விடவில்லை. சாலை சைக்கிளின் டயர் ஒருமுறை சுற்றினால் சுமார் 2.1 மீட்டர் போகும். நொடிக்கு 10 மீட்டர் என்றால், 1/50 நொடியில் சக்கரம் கிட்டத்தட்ட 34 டிகிரி திரும்பியிருக்கும். பின்னணி 400 பிக்சல் நேராக இழுபடும்போது கம்பிகள் 34 டிகிரி வட்டமாக இழுபட வேண்டும். இரண்டில் ஒன்றைச் செய்து மற்றொன்றை விட்டால் வேலை கெட்டது. சாலை பறக்கிறது, சக்கரம் சுற்றவில்லை என்றால் வண்டி பனிக்கட்டியில் சறுக்குவது போல இருக்கும்.

சக்கரத்தில்தான் நான் அதிக நேரம் உட்கார்ந்தேன். கம்பிகளுக்கு நடுவே தெரிகிற பின்னணி நேராக இழுபட்டிருக்கிறது, அதன் மேல் கம்பிகள் வட்டமாக இழுபட்டு மெல்லிய விசிறி போலப் பரவுகின்றன. இரண்டு இழுவைகள், ஒன்றன்மேல் ஒன்று. பழைய சக்கரத்தை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியவில்லை. கம்பிகளோடு புல்லும் சேர்ந்து சுற்றியது. கடைசியில் அதே சக்கரத்தை வெள்ளைப் பின்னணியில் தனியாக எடுத்துத் தரச் சொன்னோம். அது வந்த பிறகுதான் வழி திறந்தது. சக்கரம் சாய்வாகத் தெரிந்ததால் அது முழு வட்டமாக இல்லை, நீள்வட்டம். வட்டமாகக் கலக்கும் ரேடியல் பிளர் ஃபில்டரில் 'ஸ்பின்' முழு வட்டத்துக்குத்தான் சரியாக வரும். அதனால் சக்கரத்தை அகலவாக்கில் இழுத்து வட்டமாக்கி, சுற்றவிட்டு, மறுபடி நெருக்கிப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. 2014-இல் போட்டோஷாப்பில் ஸ்பின் பிளரும் பாத் பிளரும் வந்தபோது நான் முதலில் நினைத்துக்கொண்டது இந்தச் சக்கரத்தைத்தான். இப்போது நீள்வட்டத்தை அப்படியே பொருத்தி, டிகிரியை எழுதினால் போதும்.

பின்னணிக்கும் ஒரு பாடம் உண்டு. வண்டியை வைத்துக்கொண்டே பின்னணியை இழுத்தால் வண்டியின் நிறமும் சேர்ந்து ஒழுகும். தெளிவான வண்டியைச் சுற்றி ஒரு சிவப்புப் புகை நிற்கும். அதனால் முதலில் வண்டியே இல்லாத பின்னணியை உருவாக்கிக்கொள்ள வேண்டும். ஓரத்தில் பிக்சல்கள் கோடு கோடாக நீளாமல் இருக்கப் படத்தை இரு பக்கமும் கொஞ்சம் நீட்டிவைத்து, இழுத்த பிறகு வெட்டிக்கொள்ள வேண்டும். நிழலை மட்டும் இதில் சேர்க்கக் கூடாது. நிழல் வண்டியோடு வருவது. வண்டி தெளிவாக இருந்தால் நிழலின் விளிம்பும் தெளிவாகவே இருக்கும், அதன் அடியில் சாலை ஓடும்.

சரி, ஆள்? அவர் முழுக்கத் தெளிவாக இருக்கலாமா? உண்மையான பேனிங் படங்களை எடுத்து வைத்துப் பார்த்தேன். தலையும் தோளும் தெளிவாக இருக்கும். முழங்காலுக்குக் கீழே போகப்போக இழுவை கூடும். பாதம் பெடலோடு வட்டம் போடுவதால் அது ஒரு வளைவாகக் கலங்கியிருக்கும். எங்கள் படத்தில் பாதத்தைக் கலக்கிய அந்த நொடியில்தான் மனிதர் மிதிக்க ஆரம்பித்தார். அதை நான் மறக்க மாட்டேன். அதுவரை வண்டிதான் ஓடியது. அதற்குப் பிறகு அவர் ஓட்டினார்.

இந்த வேலையில் இருப்பவர்கள் பழைய படங்களைப் பார்க்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். 1838-இல் புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான லூயி டாகர் பாரிசில் ஒரு பெருந்தெருவைப் படம் எடுத்தார். எக்ஸ்போஷர், அதாவது ஒளி படத்தில் பதிகிற நேரம், சில நிமிடங்கள் நீண்டதால் தெருவில் போன வண்டிகளும் மனிதர்களும் ஒரு தடமும் இல்லாமல் மறைந்துவிட்டார்கள். காலணிக்குப் பாலிஷ் போட ஒரே இடத்தில் நின்றிருந்த ஒரு மனிதரின் உருவம் மட்டும் படத்தில் நிற்கிறது. 1910-களில் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஜாக் ஆன்ரி லார்ட்டிக் எடுத்த பந்தயக் கார் படம் இன்னொரு வகை. அவர் கேமராவில் ஷட்டர் என்பது நகர்ந்துபோகும் ஒரு பிளவு. படத்தின் ஒரு பகுதி பதிவாகி அடுத்த பகுதி பதிவாவதற்குள் கார் முன்னே போய்விட்டது. சக்கரம் நீள்வட்டமாக முன்னோக்கிச் சாய்ந்துவிட்டது. அவர் காரைத் தொடர்ந்து கேமராவைத் திருப்பியதால் ஓரமாக நின்றவர்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்தார்கள். இன்றைய கண்ணால் பார்த்தால் அது கருவியின் குறை. ஆனால் அந்தக் காரின் வேகம் இன்றும் மேலே வந்து மோதுகிறது. அப்புறம் எர்ன்ஸ்ட் ஹாஸ் என்ற புகைப்படக்காரர். 1950-களில் காளைச் சண்டையை வேண்டுமென்றே மெதுவான ஷட்டரில் வண்ணப்படங்களாக எடுத்தவர். கலங்கலைப் பிழையாக நினைக்காமல் நிறத்தை இழுத்து ஓவியம் போலச் செய்தார்.

பிறகு கார் படங்கள் நிறைய வந்தன. இதில் எனக்கு ஆச்சரியம் தந்தது, படப்பிடிப்பில் நேரில் பார்த்த ரிக் முறை. காரில் ஒரு நீண்ட கம்பத்தைப் பொருத்தி அதன் முனையில் கேமராவை மாட்டுவார்கள். எஞ்சினைக்கூடப் போட மாட்டார்கள். இரண்டு பேர் காரை நடக்கிற வேகத்தில் தள்ளுவார்கள். ஷட்டர் ஒரு நொடி, இரண்டு நொடி திறந்திருக்கும். கேமரா காரோடு போவதால் கார் துல்லியமாக இருக்கும், சாலையும் சுவரும் பாய்ந்தோடும். கம்பத்தை எங்களைப் போன்றவர்கள் பிறகு அழித்துவிடுவோம். விளம்பரத்தில் பறக்கிற அந்த கார் உண்மையில் ஒரு வயதானவரின் நடைவேகத்தில் போனது.

அந்தப் படங்களைக் கூர்ந்து பார்த்தபோது இன்னொன்று புரிந்தது. ஒரே இடத்தில் நின்று கேமராவைத் திருப்பினால், அசையாத பொருள்கள் கிட்டத்தில் இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும் ஏறக்குறைய ஒரே அளவு இழுபடும். கேமராவே இடம்விட்டு இடம் போனால் அப்படி இல்லை. பக்கத்துச் சாலை கோடாகிப் போகும், நடுவில் இருக்கும் மரம் பாதி கலங்கும், தூரத்து மலை நின்றுகொண்டிருக்கும். ரயிலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். ஆனால் மென்பொருளில் ஒரே எண்ணை எழுதி மொத்தப் பின்னணியையும் இழுக்கும்போது நாம் இதை மறந்துவிடுகிறோம். காரின் கண்ணாடி வழியாகத் தெரிகிற பின்னணி, கதவின் பளபளப்பில் தெரிகிற மரங்கள், இவையும் மறக்கிற இடங்கள்தான். நான் இரண்டையும் மறந்திருக்கிறேன். ஒருமுறை அச்சுக்குப் போன பிறகு பார்த்து, அன்று இரவு தூங்கவில்லை.

விளக்குகளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். இரவுப் படத்தில் ஒரு விளக்கை இழுத்தால் அது சாம்பல் நிறத் தீற்றலாகிவிடும், உயிரே இருக்காது. காரணம் எளிது. விளக்கின் ஒளி எவ்வளவு அதிகமாக இருந்தாலும் சாதாரணக் கோப்பில் அது 255 என்ற உச்சத்தில் வெட்டப்பட்டு நிற்கிறது. அந்த 255-ஐ 400 பிக்சலுக்குப் பங்கிட்டால் யாருக்கும் ஒன்றும் மிஞ்சாது. உண்மையான விளக்கில் அதைவிடப் பல மடங்கு ஒளி இருக்கிறது; இழுபட்ட பிறகும் அது பளிச்சென்ற கோடாகவே இருக்கும். அதனால் இழுப்பதற்கு முன், அந்த உச்சத்துக்கு மேலான ஒளியையும் வைத்திருக்கும் 32-பிட் கோப்பாக மாற்றி விளக்குகளை மட்டும் ஏற்றிவிடுவேன். கோடுகள் உடனே எரியும். கடைசியில் இழுபட்ட பகுதிக்குக் கொஞ்சம் கிரெயின், அதாவது படத்தின் நுண்புள்ளிகளை, சேர்ப்பதும் வழக்கம்; இழுவை எல்லாப் புள்ளிகளையும் வழித்துவிடுவதால் அந்தப் பகுதி மெழுகு போல ஆகிவிடும்.

"பின்பக்கம் மட்டும் இழுங்க" என்று கேட்பவர்கள் உண்டு. சித்திரக்கதைகளில் ஓடுகிறவர்களுக்குப் பின்னால் கோடு போடுகிறார்களே, அந்தப் பழக்கம். சாதாரண வெளிச்சத்தில் எடுத்த படத்தில் இழுவை முன்னும் பின்னும் ஒன்றாகத்தான் இருக்கும். எக்ஸ்போஷரின் கடைசியில் ஃபிளாஷ் அடித்தால் மட்டும் உருவம் முன்முனையில் தெளிந்து வால் பின்னால் நீளும். அப்படி ஒரு ஃபிளாஷ் அந்தக் காட்சியில் இருந்திருக்க முடியுமா என்று பார்ப்பேன். இருக்கலாம் என்றால் செய்து தருவேன்.

செய்யாமல் விட்டதும் உண்டு. ஒரு பத்திரிகைக்காக ஓட்டப்பந்தயப் படம் ஒன்று வந்தது, செய்தியோடு போடுவதற்கு. கொஞ்சம் வேகம் கூட்டித் தரக் கேட்டார்கள். மாட்டேன் என்றேன். விளம்பரத்தைப் பார்க்கிறவருக்கு அது செய்து எடுத்த படம் என்று தெரியும். செய்திப் படத்தைப் பார்க்கிறவர் அங்கே நின்றிருந்தால் கேமரா என்ன கண்டிருக்குமோ அதை எதிர்பார்க்கிறார். வேறொரு முறை, நீளம் தாண்டும் வீராங்கனை மணலில் இறங்குகிற படம். ஒவ்வொரு மணலும் காற்றில் தனித்தனியாகத் தொங்கியது. அதற்கும் இழுவை கேட்டார்கள். அந்த மணலைக் கலக்கினால் வெறும் புழுதி ஆகிவிடும், வேகமே அந்த மணலில்தான் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டியதும் ஒப்புக்கொண்டார்கள்.

அக்கா ஓய்வு பெற்றுவிட்டார். போன மாதம், புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் ஓடும் நாயின் படத்தில் வேலை செய்துகொண்டிருந்தாள். பின்னணியை நன்றாக இழுத்திருந்தாள். காதுகளை மேல்நோக்கி லேசாகக் கலக்கியிருந்தாள். கால்களின் சந்துகளில் புல் ஒழுங்காக ஓடியது. நான் கேமராவைப் பற்றிக் கேட்க வாயெடுப்பதற்குள் அவளே ஒரு முன்னங்காலைப் பெரிதாக்கினாள். அது ஒன்றுதான் தரையில் ஊன்றியிருந்தது. அவள் அதைத் தெளிவாக விட்டிருந்தாள்.

"அண்ணா, இது எனக்கு உறுத்துது" என்றாள். "கேமரா நாயோட கூடவே திரும்பியிருக்கு. தரை பின்னாடி போகுது. அப்போ தரையில ஊனின காலும் தரையோடதானே போகணும்?"

நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்தப் பாதத்தை மட்டும் தனி லேயரில் எடுத்து, புல்லுக்குக் கொடுத்த அதே எண்ணை அவள் எழுதினாள். கணுக்காலுக்கு மேலே போகப்போக இழுவை குறையும்படி மாஸ்க்கில் மெதுவாகத் தேய்த்தோம்.