வள்ளத்தில் வராத வாந்தி கப்பலில் வந்தது

பாம்பனில் பிறந்து வளர்ந்தவனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். பத்து வயதிலேயே அப்பாவின் வள்ளத்தில் ஏறியவன் நான். 2023 ஜூனில் சென்னையிலிருந்து இலங்கை போன சொகுசுக் கப்பலில், இட்லித் தட்டை அப்படியே போட்டுவிட்டுக் கழிப்பறைக்கு ஓடியதும் நானேதான். நாற்பது வருஷம் தொழிலுக்குப் போன அப்பா நிதானமாக இரண்டாவது காபி குடித்துக்கொண்டிருந்தார். இப்போது ஊரில் யார் கப்பலுக்கு டிக்கெட் போட்டாலும் என்னிடம் வந்து விவரம் கேட்கிறார்கள். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதிவைக்கிறேன்.

எல்லோரும் முதலில் கேட்பது, தலைமன்னார் இந்தா இருக்கு, அதுக்கு எதுக்குச் சென்னை வரைக்கும் போகணும் என்றுதான். நியாயமான கேள்வி. தனுஷ்கோடியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான், 1964 புயலுக்கு முன்னால் ரயிலில் தனுஷ்கோடி வந்து இறங்கி அங்கேயே கப்பல் ஏறிப் போயிருக்கிறார்கள். ஆனால் இன்றைய பெரிய கப்பலுக்கு நம் பக்கத்தில் ஆழம் போதாது, ராமர் பாலத்துத் திட்டுகளில் தட்டி நின்றுவிடும். அதனால் சென்னையில் ஏறி, இலங்கையின் கிழக்குக் கரையை ஒட்டியே போய்த்தான் தென்கரையில் இருக்கும் அம்பாந்தோட்டையைத் தொட முடியும்.

இங்கேதான் நான் கோட்டை விட்டேன். ஜூன், தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அடிக்கும் காலம். கச்சான் அடித்தால் நம் ஊரில் தென்கடல் பொங்கும், வடகடல் சும்மா கிடக்கும், இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இலங்கைக்கும் அதே கணக்குதான்: கிழக்குப் பக்கம் தீவின் மறைவில் அமைதியாக இருக்கும், தென்முனையைத் தொட்டதும் ஆட்டம் ஆரம்பிக்கும். தேதியைத் தேர்ந்தெடுக்க முடிகிறவர்கள் மாசி, பங்குனியில் போய்விடுங்கள்.

வள்ளம் வெடுக்வெடுக்கென்று குதிக்கும், கண்ணும் கடலைப் பார்த்துக்கொண்டே இருக்கும். கப்பல் அப்படியில்லை, மெதுவாகச் சாய்ந்து மெதுவாக நிமிரும், நீங்களோ நாலு சுவருக்குள் ஃபோனைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பீர்கள். கண் ஒன்று சொல்ல, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு வேறொன்று சொல்ல, வயிறு குழம்பிப்போகும். அவோமின் என்ற வாந்தி மாத்திரை போடுவதென்றால் டாக்டரைக் கேட்டுக்கொண்டு ஆட்டத்துக்கு முன்னாலேயே போட வேண்டும். வாந்தி வந்தபிறகு போட்டால் அதுவும் சேர்ந்து வெளியே வரும் (என் கதை). அப்பா என்னை மேல்தளத்துக்கு இழுத்துப் போய், தூரத்தில் வானமும் கடலும் சேருகிற கோட்டைப் பார்க்கவைத்தார், அரை மணியில் தெளிந்தது. "அணியத்துலயும் படுக்கக் கூடாது, அமரத்துலயும் படுக்கக் கூடாது, நடுவுல படுக்கணும், இது கூடத் தெரியாம பணத்தக் கட்டிருக்க" என்று திட்டு வேறு. அணியம் என்றால் முன்பக்கம், அமரம் என்றால் பின்பக்கம். அவர் சொன்னது சரிதான். கீழ்த்தளத்தில் நடுவில் இருக்கும் அறையில் ஆட்டம் குறைவு, பெரும்பாலும் வாடகையும் குறைவு. நான் பால்கனிக்கு ஆசைப்பட்டு முன்பக்கம் உச்சியில் எடுத்திருந்தேன்.

துறைமுகத்தில் கொடுக்கும் பெரிய பெட்டி அறைக்கு வந்துசேர மணிக்கணக்காகும், மாத்திரையும் ஒரு மாற்றுத் துணியும் கைப்பையில் இருக்கட்டும். பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது பாக்கி இருக்க வேண்டும். தண்ணீர் சுடவைக்கும் ஹீட்டர் கம்பி, இஸ்திரிப் பெட்டி எல்லாம் தீப்பிடிக்கும் பயத்தால் அனுமதிக்க மாட்டார்கள், அம்மா ஒளித்துக் கொண்டுவந்த கம்பி ஸ்கேனரில் மாட்டி, திரும்பி வந்தபிறகுதான் கைக்குக் கிடைத்தது. கரை மறைந்ததும் ஃபோனை ஃபிளைட் மோடில் போடுங்கள். இல்லையென்றால் அது கப்பலின் செயற்கைக்கோள் நெட்வொர்க்கில் தானாக ஒட்டிக்கொள்ளும், பில்லைப் பார்க்கும்போது இன்னொரு முறை தலை சுற்றும்.

கிளம்பும்போது ஆபத்துக்கால ஒத்திகை நடக்கும். ஏழு குட்டி ஊதல், பிறகு ஒரு நீள ஊதல். பாதிப் பேர் அதை விட்டுவிட்டுச் சாப்பாட்டு வரிசைக்குப் போகப் பார்த்தார்கள், நானும்தான். 2012இல் இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை ஏறிய நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஒத்திகையே நடக்கவில்லை. அதற்குப் பிறகுதான் கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ ஒத்திகை நடத்த வேண்டும் என்று விதியை இறுக்கினார்கள். அப்பாவுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது, ஆனாலும் முதல் ஆளாகப் போய் நின்று லைஃப் ஜாக்கெட் வாரை இழுத்து இழுத்துப் பார்த்தார்.

கரையில் இறங்கினால், திரும்ப ஏற வேண்டிய நேரத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், தனியாகச் சுற்றப் போனவருக்காகக் கப்பல் காத்திருக்காது. யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறையில் எங்களுக்கு அதுதான் நடக்க இருந்தது. இலங்கையின் நெடுந்தீவுப் பக்கத்து வெளிச்சத்தை ராத்திரிகளில் தூரத்திலிருந்து மட்டுமே பார்த்த அப்பா, அந்தக் கரையில் கால் வைத்த அரை மணியில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒருவரிடம் போய்க் குந்திவிட்டார். அவரும் கச்சான், வாடை, கொண்டல் என்று காற்றின் பேரைச் சொல்லித்தான் பேசினார், சோழகக் காற்று எப்போது ஓயும் என்று இரண்டு பேரும் வாதாட ஆரம்பித்துவிட்டார்கள். பஸ்ஸிலிருந்து அம்மா போட்ட சத்தம் துறைமுகம் வரைக்கும் கேட்டிருக்கும்.