மகனின் சி.ஆர்.பி. அளவும் எங்கள் வீட்டுக் காய் நோட்டும்

போன வருடம் ஜூனில் என் மகன் பத்தாம் வகுப்பு போகத் தொடங்கிய சமயத்தில்தான் இது ஆரம்பித்தது. அவனுக்கு அப்போது 15 வயது. காலையில் எழுப்பினால் எழ மாட்டான், பள்ளி விட்டு வந்தால் தோளில் இருக்கிற பையைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்துவிடுவான், கை கால் எல்லாம் ஒல்லியாகவே இருக்க வயிற்றைச் சுற்றி மட்டும் சதை போட்டுக்கொண்டே வந்தது. ரத்தசோகையாக இருக்கும் என்று நினைத்துத்தான் குழந்தைகள் டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஹீமோகுளோபின் சரியாக இருந்தது, தைராய்டும் சர்க்கரையும் சரி. ஹெச்.எஸ்.சி.ஆர்.பி., அதாவது ரத்தத்தில் சி.ஆர்.பி. என்ற புரதத்தை நுணுக்கமாக அளக்கிற பரிசோதனை, அந்த ஒரு வரியில் மட்டும் 4.8 என்று தடித்த எழுத்தில் அடித்துக் கொடுத்திருந்தார்கள்.

அன்று ராத்திரி முழுக்க போனில் அதைப் பற்றியே படித்தேன். உடம்புக்குள் அழற்சி (இன்ஃப்ளமேஷன்), மாரடைப்பு, மூட்டுவாதம் என்று ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொன்று சொன்னது. இப்படி ஒரு ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற இன்னொரு அம்மாவுக்கோ அப்பாவுக்கோ உதவட்டும் என்றுதான் நடந்ததை எல்லாம் எழுதுகிறேன்.

மறுநாள் டாக்டர் பொறுமையாகச் சொன்னார். சி.ஆர்.பி. என்பது கல்லீரல் செய்கிற ஒரு புரதம். உடம்பில் எங்காவது கிருமித் தொற்றோ காயமோ வந்தால் இன்டர்லூக்கின்-6 மாதிரியான சில பொருட்கள் ரத்தத்தில் போய் கல்லீரலுக்குத் தகவல் சொல்லும், உடனே இது ஏறும். வயிற்றுக்குள் சேருகிற கொழுப்பும் அதே பொருட்களைச் சுரக்கும், அதனால் காய்ச்சல் எதுவும் இல்லாமலே கொஞ்சம் கொஞ்சமாக இந்த அளவு கூடியபடி இருக்கும். 1-க்குக் கீழே இருந்தால் குறைவு, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3-க்கு மேல் அதிகம் என்று ரிப்போர்ட்டில் போட்டிருக்கிற கோடுகள் பெரியவர்களின் இதய நோய் அபாயத்தைக் கணக்கிட 2003-இல் அமெரிக்காவில் வகுத்தவை. பிள்ளைகளுக்கு அதை பாஸ், ஃபெயில் மாதிரி பார்க்கக்கூடாது என்றார். எல்லாப் பிள்ளைகளுக்கும் எடுக்கிற பரிசோதனையும் இல்லையாம், இவனுக்கு எடை கூடியிருந்ததால் சேர்த்து எழுதியிருக்கிறார்.

அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்: "ரத்தம் கொடுக்கிறதுக்கு முன்னாடி சளி, காய்ச்சல் எதுவும் இருந்துச்சா?" இருந்தது. ஒரு வாரம் முன்புதான் மூக்கடைப்போடு பள்ளிக்குப் போய் வந்தான். அப்படியென்றால் இந்த 4.8-ஐ நம்பி எதுவும் முடிவு செய்ய முடியாது, மூன்று வாரம் கழித்து உடம்பு நன்றாக இருக்கும்போது மறுபடியும் எடுக்க வேண்டும் என்றார். 10-க்கு மேல் வந்தால் முதலில் தொற்றைத்தான் தேட வேண்டுமாம். இதை அந்த லேபில் யாராவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எனக்கு ஒரு ராத்திரி தூக்கமாவது மிஞ்சியிருக்கும்.

மூன்று வாரம் கழித்து எடுத்ததில் 4.1. குறைந்திருந்தாலும் 3-க்கு மேலேதான்.

"காய்கறி சாப்பிடுவானா?" என்று கேட்டார். தினமும் சமைக்கிறேன் சார், பொரியல் இல்லாமல் டிபன் பாக்ஸ் கட்டியதே இல்லை என்று சொன்னேன். உண்மைதான். "என்னென்ன காய்?" என்றார். உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ்... அதோடு நின்றுவிட்டேன். ஒரு வாரம் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். சமைத்ததை எழுதினால் போதாது, அவன் வயிற்றுக்குள் போனதை எழுத வேண்டும் என்றார்.

அந்த ஒரு வாரப் பக்கத்தை இன்னும் வைத்திருக்கிறேன். உருளை நான்கு நாள், கேரட் மூன்று நாள், பீன்ஸ் இரண்டு நாள். முட்டைக்கோஸ் ஒரு நாள், அதில் பாதி டப்பாவில் திரும்பி வந்தது. சாம்பாரில் தக்காளியும் வெங்காயமும் தினமும் உண்டு, முருங்கைக்காயை மட்டும் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிடுவான். பழம் என்றால் வாழைப்பழம் மட்டும். டாக்டர் பேனாவை எடுத்து முதலில் உருளையை அடித்தார். உலக சுகாதார நிறுவனம் 10 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் காய், பழம் என்று சொல்கிற கணக்கில் உருளை மாதிரியான மாவுக் கிழங்குகள் வராது. அதை எடுத்துவிட்டால் ஒரு வாரத்தில் மொத்தம் ஆறு வகை. வாரத்துக்கு இரண்டு கட்டைப்பை நிறைய காய் வாங்குகிற வீட்டில் ஆறே ஆறு!

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் இதுவரை பார்த்துக்கொண்டிருந்தது அளவை மட்டும்தான். இவன் விரும்புகிற நாலு காயையே மாற்றி மாற்றி நிறையச் செய்து கொடுத்துவிட்டு, பிள்ளை காய் சாப்பிடுகிறான் என்று நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

வகை ஏன் வேண்டும் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு காயின் நாரும் ஒவ்வொரு மாதிரி. நம் குடலில் இருக்கிற நல்ல பாக்டீரியாக்களில் ஒரு கூட்டத்துக்கு ஒரு நார் பிடிக்கும், இன்னொரு கூட்டத்துக்கு வேறொன்று. அந்த நாரைத் தின்று அவை பியூட்டிரேட் போன்ற சிறு கொழுப்பு அமிலங்களைச் செய்து கொடுக்கின்றன. அவைதான் குடல் சுவரைப் பழுதில்லாமல் வைத்திருக்கவும் அழற்சியை அடக்கவும் உதவுகின்றன. நாலே காய் என்றால் நாலு கூட்டத்துக்கு மட்டும் பந்தி போட்ட மாதிரி. நிறத்திலும் அப்படித்தான். கேரட்டிலும் பரங்கியிலும் இருக்கிற ஆரஞ்சு நிறச் சத்து வேறு, நாவல் பழத்தின் ஊதா வேறு, கீரையின் பச்சை வேறு, ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது.

இதில் ஆராய்ச்சியும் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் மினியாபொலிஸ் பகுதியில் 13 முதல் 17 வயது வரையான 285 பிள்ளைகளை வைத்துச் செய்த ஒரு ஆய்வு 2009-இல் வந்தது, காய், பழம் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு அழற்சிக் குறியீடுகள் குறைவாக இருந்ததாக அதில் சொன்னார்கள். பாஸ்டனில் வாழும் போர்ட்டோ ரிக்கோ வம்சாவளிப் பெரியவர்களைப் பற்றி 2011-இல் வந்த இன்னொன்றுதான் என்னை ரொம்பவே யோசிக்க வைத்தது. அதில் சி.ஆர்.பி. குறைவோடு சேர்ந்து வந்தது வகைதான், அளவு அப்படி வரவில்லை. இரண்டுமே "இது இருக்கும் இடத்தில் அதுவும் இருக்கிறது" என்று சொல்பவை, இதனால்தான் அது நடந்தது என்று நிரூபிப்பவை இல்லை. பல வகை சாப்பிடுகிறவர்கள் மற்ற விஷயங்களிலும் ஒழுங்காக இருக்கலாம் அல்லவா. ஆனால் சுரைக்காயும் கொய்யாவும் சாப்பிட்டு யாருக்கும் கெடுதல் வரப்போவதில்லை, அதனால் செய்து பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

இதற்கு நடுவில் தெரிந்தவர் ஒருவர் சொன்னாரென்று சத்து மாத்திரைக் கடை ஒன்றுக்கும் போனேன். அழற்சியைக் குறைக்கும் என்று மஞ்சள் காப்ஸ்யூலும் இன்னொரு டப்பாவும் சேர்த்து 1,800 ரூபாய் என்றார்கள். வாங்கவில்லை, டாக்டரைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று வந்துவிட்டேன். அவர் வேண்டவே வேண்டாம் என்றார். இந்த வயதுப் பிள்ளைகளை வைத்து இப்படிப் பயம் காட்டி விற்கிறார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

முதல் இரண்டு வாரம் படு தோல்வி. ஒரே வாரத்தில் கோவைக்காய், புடலங்காய், பாகற்காய், அரைக்கீரை என்று எல்லாவற்றையும் இறக்கிவிட்டேன். டிபன் பாக்ஸைத் திறந்தால் சோறு காலி, கோவைக்காய் மட்டும் வட்ட வட்டமாக அப்படியே, மத்தியான வெயிலில் வியர்த்துப் புளிப்பு வாடையோடு. பிள்ளைகள் என்னவென்று கேட்டுச் சிரித்தார்களாம். இரவில் சண்டை. "நான் என்ன பேஷன்ட்டாம்மா?" என்று அழுதுவிட்டான். அந்த வார்த்தை எனக்கு ரொம்ப வலித்தது. என் மாமியார்தான் உள்ளே வந்து, "ஏம்மா, ஒரே நாள்ல நாக்கு மாறுமா? அவனுக்குப் பிடிச்ச ரூபத்துல குடு, ஒண்ணு ஒண்ணாக் குடு" என்றார். அன்றிலிருந்து வாரத்துக்கு ஒரே ஒரு புதுக் காய், அதுவும் வீட்டில் இரவுச் சாப்பாட்டில்தான். டப்பாவில் அவன் ஏற்கெனவே பழகியதை மட்டும் வைத்தேன்.

ரூபம் என்று அத்தை சொன்னது அவ்வளவு உண்மை. கொழகொழவென்று இருப்பதுதான் அவனுக்குப் பிடிக்காது, ருசி இல்லை பிரச்சினை. சுரைக்காயைக் கூட்டாக வைத்தால் தொடமாட்டான், துருவி அடை மாவில் கலந்தால் மூன்று அடை போகும். பீர்க்கங்காயைத் தோலோடு துவையல் அரைத்தால் தோசைக்குச் சட்னி என்று தொட்டுக்கொள்கிறான். முருங்கைக்கீரை அடையிலும், பீட்ரூட் சப்பாத்தி மாவிலும், சௌசௌ சாம்பாரிலும் போனது. ஒளித்து வைத்துக் கொடுக்கவில்லை, அந்தத் தந்திரம் வேண்டாம் என்று நினைத்தேன். என்ன போட்டிருக்கிறேன் என்று சொல்லிவிடுவேன், ஏனென்றால் எழுதப்போவது அவன்தான்.

ஆம், நோட்டை அவனிடமே கொடுத்துவிட்டேன். வாரத்துக்கு 20 என்பது நாங்களாக வைத்துக்கொண்ட எண். விதிகளை அவனே போட்டான். ஒரு காயை வாரத்தில் எத்தனை தடவை சாப்பிட்டாலும் ஒன்றுதான். உருளைக்கு சைபர். ஜூஸ் கணக்கில் வராது. கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் தாளிப்பில் வந்தால் கணக்கில்லை, துவையலாக வந்தால் உண்டு. சின்ன வெங்காயமும் பெரிய வெங்காயமும் ஒன்றா இரண்டா என்று அவனும் அவன் அப்பாவும் ஒரு ராத்திரி முழுக்க வாதாடி, கடைசியில் ஒன்று என்று முடிவானது.

ஞாயிறு காலை அண்ணாநகர் உழவர் சந்தைக்கு அவனையும் கூட்டிக்கொண்டு போனேன். 1999-இல் தமிழ்நாட்டில் முதல் உழவர் சந்தை தொடங்கியது எங்கள் மதுரையில், இந்த இடத்தில்தான். விளைவித்தவர்களே உட்கார்ந்து விற்பதால் தெருமுனைக் கடையில் வராத காயெல்லாம் வரும். மிதிபாகலைப் பார்த்து "இது என்ன பாட்டி?" என்று கேட்டான். "பாகக்கா குட்டிதான் அய்யா, வெயில்ல வத்தல் போட்டு எண்ணெயில பொரிச்சா நீ வேற எதுவும் கேக்க மாட்ட" என்று கால் கிலோ அள்ளிப் போட்டார். பாகற்காயைக் கண்டால் ஓடுகிற பையன் அந்த வற்றலைச் சாம்பார் சாதத்துக்கு இன்றுவரை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறான்.

வாழைப்பூவும் அங்கே வாங்கியதுதான். அதை ஆய்வது பெரிய வேலை. கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, ஒவ்வொரு மடலாகப் பிரித்து, ஒவ்வொரு பூவிலிருந்தும் தலை பெருத்த அந்தக் கள்ளனையும் கண்ணாடி மாதிரி இருக்கிற சின்னச் செதிலையும் பிடுங்கி, நறுக்கியதை உடனே மோரில் போட வேண்டும், இல்லாவிட்டால் கறுத்துவிடும். டிவி பார்த்துக்கொண்டே அவனும் பாதியை ஆய்ந்தான். அன்றைக்குச் செய்த வாழைப்பூ வடையில் எட்டு சாப்பிட்டான். எண்ணெயில் பொரித்ததுதான், தெரியும், அதனால் மாதம் ஒரு தடவையோடு நிறுத்திக்கொண்டோம்.

பழத்தில் கஷ்டமே இல்லை, ஏன் இத்தனை நாள் செய்யவில்லை என்றுதான் வருத்தம். ஆப்பிள்தான் பழம் என்று நானே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஆடியில் நாவல், விநாயகர் சதுர்த்தியை ஒட்டி விளாம்பழம், ஐப்பசியில் சீத்தா, அதற்கப்புறம் பெருநெல்லி என்று அந்தந்தப் பருவத்துக்கு வருவதை வாங்கினாலே எண்ணிக்கை தானாக ஏறிவிடுகிறது. கொய்யா எப்போதும் கிடைக்கிறது, ஆரஞ்சைவிட அதில் வைட்டமின் சி அதிகம், விலையும் கம்மி. டியூஷனுக்குப் போகும்போது ஒரு கொய்யாவை நறுக்கி உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுக் கொடுத்தால் கடையில் பப்ஸ் வாங்குவது பாதி நாள் நின்றுவிட்டது.

செப்டம்பரில் ஒரு வாரம் 23 வந்தது. டிசம்பர் அரையாண்டுத் தேர்வில் 11-க்கு இறங்கிவிட்டது. படிக்கிற பிள்ளையிடம் போய் நோட்டை நீட்ட எனக்கு மனசு வரவில்லை, விட்டுவிட்டேன். பொங்கல் முடிந்ததும் மறுபடி 18, 20 என்று வந்தான்.

ஜனவரி கடைசியில், சளி எதுவும் இல்லாத ஒரு வாரமாகப் பார்த்து, அதே லேபில் எடுத்தோம். 2.2. ரிப்போர்ட்டைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டேன். டாக்டர் சந்தோஷப்பட்டார், ஆனால் காய் மட்டும்தான் காரணம் என்று எழுதிக்கொடுக்க மாட்டேன் என்றும் சொன்னார். நியாயம்தான். இந்த ஏழு மாதத்தில் இரண்டரை சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறான், எடை ஒன்றரை கிலோ குறைந்திருக்கிறது, போனை ஹாலில் வைத்துவிட்டு பத்தரைக்கெல்லாம் படுக்கிறான், டியூஷனுக்கு சைக்கிளில் போகிறான். எது எவ்வளவு செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. காலையில் ஒரே தடவை கூப்பிட்டால் எழுந்துவிடுகிறான், பள்ளி விட்டு வந்ததும் பையை அதனிடத்தில் வைக்கிறான், எனக்கு அது போதும்.

சளி காய்ச்சல் எதுவும் இல்லையென்றால் இனி ஒரு வருடத்துக்கு ஊசி குத்த வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். பொதுத்தேர்வு முடிகிறவரை நோட்டை நான் எழுதுகிறேன். இந்த வாரம் வியாழக்கிழமை வரை 14, வெள்ளிக்கிழமை கீரைக்காரம்மா மணத்தக்காளி கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.