ரத்தம் சிந்திய கான்சஸ்: எல்லைச் சாலையிலிருந்து ஒசாவடோமி வரை

கான்சஸ் சிட்டியில் ஸ்டேட் லைன் ரோடு என்று ஒரு சாலை இருக்கிறது. பெயருக்கேற்றபடி அதுதான் மாநில எல்லை. சாலைக்குக் கிழக்கே இருப்பது மிசௌரி, மேற்கே இருப்பது கான்சஸ். என் தங்கையின் வீடு மேற்குப் பக்கம், ஓவர்லேண்ட் பார்க்கில். கடைக்குப் போகிற அவசரத்தில் அவர்கள் தினமும் மாநிலம் தாண்டிப் போய்வருகிறார்கள். 1850களில் இதே எல்லையைத் தாண்டி ஆயிரக்கணக்கானோர் துப்பாக்கியோடு வந்தார்கள். அதுவும் ஓட்டுப் போடுவதற்காக. அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861இல் தொடங்கியது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். இந்தப் பக்கத்தில் அது ஐந்தாறு வருடம் முன்பே தொடங்கிவிட்டது.

"பார்க்க என்ன இருக்கு மச்சான் இங்கே, கோதுமை வயலும் காத்தும்தான்" என்றார் மாப்பிள்ளை. ஆனாலும் மறுநாள் காலையில் காரை எடுத்துக்கொண்டு வந்து நின்றது அவர்தான்.

கொஞ்சம் பின்கதை சொல்லிவிடுகிறேன். 1820இல் ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். மிசௌரியில் அடிமைமுறை இருக்கலாம், அதற்கு மேற்கேயும் வடக்கேயும் கிடந்த நிலத்தில் கூடாது. 1854இல் ஸ்டீபன் டக்ளஸ் என்ற செனட்டர் கொண்டுவந்த கான்சஸ்-நெப்ராஸ்கா சட்டம் அதைத் தூக்கிப் போட்டது. அடிமைமுறை வேண்டுமா வேண்டாமா என்று அங்கே குடியேறுகிறவர்களே முடிவு செய்துகொள்ளட்டும் என்றது புதிய சட்டம். கேட்டால் நியாயமாகத்தான் தெரியும், மக்கள் தீர்ப்பே மகேசன் தீர்ப்பு என்பதுபோல. ஆனால் யாருடைய வாழ்க்கையை வைத்து அந்த ஓட்டு நடந்ததோ, அந்தக் கறுப்பின மக்களுக்கு ஓட்டுக் கிடையாது. யாருடைய நிலத்தில் நடந்ததோ, அந்த ஷானி, டெலவேர், கா பழங்குடிகளுக்கும் கிடையாது. பயணம் முழுக்க என் மனதை அரித்துக்கொண்டிருந்தது இதுதான்.

மிசௌரியின் கிழக்கே இல்லினாய், வடக்கே அயோவா. இரண்டிலும் அடிமைமுறை இல்லை. மேற்கே கான்சஸும் அப்படி ஆகிவிட்டால், தப்பித்து ஓடுகிறவர்களுக்கு மூன்று பக்கமும் வழி திறந்துவிடும். அந்தப் பயத்தில்தான் மிசௌரியின் செனட்டராக இருந்த டேவிட் அட்சிசன் முதற்கொண்டு பலர், எல்லை தாண்டிப் போய் ஓட்டுப் போட ஆள் திரட்டினார்கள். 1855 பிப்ரவரியில் எடுத்த கணக்கெடுப்பின்படி கான்சஸில் ஓட்டுரிமை உள்ளவர்கள் 2,905 பேர். மார்ச் 30 அன்று சட்டமன்றத் தேர்தலில் விழுந்த ஓட்டுகளோ ஆறாயிரத்துக்கும் மேல்! அப்படி உருவான சட்டமன்றம் போட்ட சட்டங்களில் ஒன்று: அடிமைகளைக் கிளர்ச்சிக்குத் தூண்டினால் மரண தண்டனை. இன்னொன்று: இந்த நிலத்தில் அடிமை வைத்திருக்க உரிமை இல்லை என்று பேசினாலோ எழுதினாலோ குறைந்தது இரண்டு வருடம் கடுங்காவல்.

முதலில் போனது லெகாம்ப்டன். இன்று சில நூறு பேர் வாழும் சின்ன ஊர், அன்று கான்சஸின் தலைநகரம். இங்கே 1856இல் கட்டிய கான்ஸ்டிட்யூஷன் ஹால் அப்படியே நிற்கிறது. இரண்டு மாடி, முழுக்க மரம். கீழே நில அலுவலகம், மேலே சட்டமன்றக் கூடம். படியேறி மேலே போனால் ஒரே நீளமான அறை, பக்கவாட்டில் உயரமான ஜன்னல்கள். நம் ஊர்ப் பழைய தொடக்கப் பள்ளி வகுப்பறை அளவுக்குத்தான் அது எளிமையாக இருந்தது. இந்த அறையில் உட்கார்ந்துதான் 1857இல் ஓர் அரசியலமைப்பை எழுதினார்கள். எந்தச் சட்டத்துக்கும் மேலானது சொத்துரிமை, அடிமையும் அந்தச் சொத்தில் அடக்கம் என்று அதில் இருக்கிறது. மக்கள் முன் வைத்தபோதும் 'அடிமைமுறையோடு', 'அடிமைமுறை இல்லாமல்' என்று இரண்டே தேர்வு கொடுத்தார்கள். இரண்டில் எதற்குப் போட்டாலும், ஏற்கெனவே அங்கே இருக்கும் அடிமைகள் அடிமைகளாகவே இருப்பார்கள். படிக்கப் படிக்க எனக்குக் கோபம்தான் வந்தது. எதிர்த்தரப்பு அந்த வாக்கெடுப்பையே புறக்கணித்தது. கடைசியில், 1858 ஆகஸ்ட் 2 அன்று நடந்த வாக்கெடுப்பில் 1,788க்கு எதிராக 11,300 ஓட்டில் அந்த அரசியலமைப்பு தோற்றது.

அங்கிருந்து லாரன்ஸ் பக்கம்தான். அடிமைமுறை வேண்டாம் என்றவர்கள் அமெரிக்காவின் வடகிழக்கு மூலையான நியூ இங்கிலாந்திலிருந்து வந்து 1854இல் உருவாக்கிய ஊர். கடைவீதிக்கே மாசசூசெட்ஸ் ஸ்ட்ரீட் என்றுதான் பெயர். அதில் இருக்கும் எல்ட்ரிஜ் ஹோட்டலின் இடத்தில் அன்று ஃப்ரீ ஸ்டேட் ஹோட்டல் இருந்தது. 1856 மே 21 அன்று, அடிமைமுறையை ஆதரித்த ஷெரிஃப் சாமுவேல் ஜோன்ஸ் ஒரு பெரும் கும்பலோடு வந்து இறங்கினார். லெகாம்ப்டனில் நாங்கள் ஏறிப் பார்த்த அந்தக் கூடத்தைக் கட்டியதும் இவரேதான். பீரங்கியால் சுட்டார்கள், வெடிமருந்து வைத்தார்கள், ஹோட்டல் அசையவில்லை. அப்புறம் தீ வைத்தார்கள். இரண்டு பத்திரிகை அலுவலகங்களை உடைத்து, அச்சு எழுத்துகளை ஆற்றில் கொட்டினார்கள். மறுநாள் வாஷிங்டனில், செனட் அவைக்குள்ளேயே, கான்சஸில் அடிமைமுறையை எதிர்த்துப் பேசியதற்காகச் செனட்டர் சார்ல்ஸ் சம்னரைத் தென்மாநில நாடாளுமன்ற உறுப்பினர் பிரஸ்டன் புரூக்ஸ் கைத்தடியால் நினைவிழக்கும்வரை அடித்தார்.

லாரன்ஸ்காரர்களைப் புகழ்ந்து மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. 1855 டிசம்பரில் அவர்கள் தரப்பு மட்டும் தனியாக ஒரு வாக்கெடுப்பு நடத்தியது. கறுப்பினத்தவர் எவரும் கான்சஸில் குடியேறவே கூடாது என்பதற்கு 1,287 ஓட்டு, எதிர்த்து 453. அடிமைமுறையை எதிர்த்தவர்களில் பெரும்பாலோருக்குக் கவலை தங்கள் நிலமும் கூலியும்தான். பக்கத்து வீட்டில் ஒரு கறுப்பினக் குடும்பம் சுதந்திரமாக வாழ்வதை அவர்களும் விரும்பவில்லை.

தெற்கே ஒரு மணி நேரம் போனால் ஒசாவடோமி. நான் வந்ததே இந்த ஊருக்காகத்தான். பூங்காவுக்கு நடுவே ஒரு கல் கட்டடம், அதற்குள்ளே ஒரு மரவீடு. சாமுவேல் அடேர் என்ற பாதிரியார், அவர் மனைவி ஃப்ளோரெல்லா இருவரும் வாழ்ந்த வீட்டைக் கொண்டுவந்து வைத்து, மழை வெயில் படாமல் மேலே கட்டடம் எழுப்பியிருக்கிறார்கள். செதுக்கிய மரக்கட்டைகள், இடுக்குகளில் சாந்துப் பூச்சு, ஒரு பெரிய கணப்படுப்பு. அடிமைமுறைக்கு எதிராக ஆயுதம் எடுத்த ஜான் பிரவுன், ஃப்ளோரெல்லாவின் அண்ணன். தகப்பன் ஒன்று, தாய் வேறு.

பிரவுனைப் பற்றி இரண்டு விஷயம் சொல்ல வேண்டும், இரண்டும் ஒரே மனிதரின் கதை. லாரன்ஸ் எரிந்த மூன்றாம் நாள், மே 24 இரவு, பொட்டவாட்டமி ஓடைக்கரையில் அவருடைய ஆட்கள் ஐந்து பேரை வீடுகளிலிருந்து இழுத்துப்போய் வாளால் வெட்டிக் கொன்றார்கள். கொல்லப்பட்டவர்களில் ஜேம்ஸ் டாயிலும் அவருடைய இரண்டு மகன்களும் உண்டு. பதினாறு வயது மூன்றாவது மகனையாவது விட்டுவிடுங்கள் என்று தாய் மஹாலா கெஞ்சியதால் அவன் பிழைத்தான். வர்ஜீனியாவில் நடத்திய வேறொரு தாக்குதலுக்காகப் பிரவுன் 1859இல் தூக்குக்குக் காத்திருந்தபோது அந்தத் தாய் அவருக்குக் கடிதம் எழுதினார். எங்களிடம் அடிமைகளே இருந்ததில்லை, அவர்களை விடுவிக்கத்தான் செய்தேன் என்று நீ சொல்ல முடியாது என்று அதில் கேட்டிருக்கிறார். அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லிவிட முடியாது. என்னாலும் அந்த இரவை நியாயப்படுத்த முடியவில்லை.

இன்னொன்று 1858 டிசம்பரில் நடந்தது. மிசௌரியில் அடிமையாக இருந்த ஜிம் டேனியல்ஸ், துடைப்பம் விற்பவர்போல எல்லை தாண்டி வந்தார். தன்னையும் மனைவி மக்களையும் விற்கப் போகிறார்கள், உதவுங்கள் என்று பிரவுனின் ஆள் ஒருவரிடம் கேட்டார். அடுத்த நாள் இரவே பிரவுன் மிசௌரிக்குள் புகுந்து பதினொரு பேரை விடுவித்தார். அதில் அடிமைகளின் உரிமையாளர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தப் பதினொரு பேரும் இந்த அடேர் வீட்டில் ஒளிந்திருந்தார்கள். பின்பக்கத்துச் சின்ன அறையின் வாசலில் நின்று பார்த்தேன். மாப்பிள்ளையும் பேசாமல் பக்கத்தில் நின்றார். பிறகு, "முதல்ல கேட்டது அந்த ஆள்தானே மச்சான், ஊர்ல பிரவுனுக்குத்தான் சிலை" என்றார். எனக்கும் அதேதான் தோன்றியது. அத்தனை வாக்கெடுப்பிலும் வாய் திறக்க இடம் கிடைக்காத ஒருவர், கையில் துடைப்பத்தோடு நடந்துவந்து தன் முடிவைத் தானே சொல்லியிருக்கிறார். கான்சஸ் கதையைத் தொடங்க வேண்டியது அவரிடமிருந்துதான்.

ஜனாதிபதி புக்கானன் பிரவுனைப் பிடிக்க 250 டாலர் அறிவித்தார். குளிர்காலம். நெப்ராஸ்கா, அயோவா, சிகாகோ வழியாக ஆயிரம் மைலுக்கும் மேல். டேனியல்ஸின் மனைவி அப்போது நிறைமாத கர்ப்பிணி. கான்சஸைத் தாண்டுவதற்குள் குழந்தை பிறந்தது, ஜான் பிரவுன் என்று பெயர் வைத்தார்கள். பதினொன்று பன்னிரண்டானது. 1859 மார்ச் 12 அன்று டெட்ராய்ட்டில் படகேறி கனடாவின் விண்ட்சரில் இறங்கினார்கள்.

1861 ஜனவரி 29 அன்று அடிமைமுறை இல்லாத மாநிலமாக கான்சஸ் அமெரிக்க ஒன்றியத்தில் சேர்ந்தது. ஓட்டுரிமை வெள்ளை ஆண்களுக்கு மட்டும். கறுப்பின ஆண்களுக்கும் தரலாமா என்று போர் முடிந்த பிறகு, 1867இல், மாநிலத்தில் வாக்கெடுப்பு நடத்தினார்கள். பெரும்பான்மை வேண்டாம் என்றது. 1870இல் அமெரிக்க அரசியலமைப்பையே திருத்திய பிறகுதான் அவர்களுக்கு அந்த உரிமை வந்தது.