பாட்டில்லாத கிட்டார்

புதூரில் எங்கள் மொட்டைமாடியில் நான் வாசிப்பதைக் கேட்டு, "இது என்ன பாட்டு தம்பி?" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. பாட்டே கிடையாது அக்கா, வெறும் கிட்டார்தான்.

இதற்குப் பெயர் அமெரிக்கன் பிரிமிட்டிவ். காட்டுத்தனம் என்ற பொருளில் இல்லை. யாரிடமும் பாடம் கேட்காமல் தானாக வரையக் கற்ற ஓவியர்களை அப்படிச் சொல்வார்களே, அந்தப் பொருளில். அமெரிக்க கிட்டார்காரர் ஜான் ஃபாஹி 1959-இல் டகோமா ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கி, பழைய புளூஸ்காரர்களின் (புளூஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை) விரல் வாசிப்பை எடுத்து, குரலே இல்லாத நீண்ட தனி வாசிப்பாக வளர்த்தார்.

ஸ்டீல் கம்பியும் தனிக் கிட்டாரும் இருந்தால் மட்டும் போதாது என்பது என் கட்சி. கட்டைவிரல் பேஸ் கம்பிகளில், அதாவது தடித்த கீழ்ஸ்தாயிக் கம்பிகளில், மாறி மாறி நடந்துகொண்டே இருக்கணும், நிற்கவே கூடாது, மெட்டு மற்ற விரல்களில் வரணும். அப்புறம் சுருதி. ஒன்றாவது கம்பியையும் ஆறாவதையும் டி என்ற சுரத்துக்கும், இரண்டாவதை ஏ-க்கும், மூன்றாவதை எஃப் ஷார்ப்புக்கும் இறக்கினால், இடது கையே வைக்காமல் மீட்டினாலும் முழு டி மேஜர் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) கேட்கும். நேற்று ராத்திரி கரண்ட் போன நேரத்தில் அப்படி ஒருமுறை மீட்டிவிட்டு, ஒலி தம்புரா போல அடங்கும்வரை சும்மா உட்கார்ந்திருந்தேன். இதே வகையில் வாசித்த ராபி பாஷோ என்ற அமெரிக்கர் இதே கம்பிகளோடு ராகங்கள் பக்கம் போனது எனக்கு ரொம்ப இயல்பாகப் படுகிறது.

கிட்டார் உடம்பில் தாளம் தட்டும் வாசிப்பு வேறு வகை, அதை இதில் சேர்க்க மாட்டேன்.