சேலத்து மே மாதத்தில் சரியாமல் நின்ற டார்ட் ஷெல்

சுவர் நின்றுவிட்டது. இரண்டு சென்டிமீட்டர் உயரம், மூன்று மில்லிமீட்டர் கனம், விளிம்பில் ஓர் இறக்கம்கூட இல்லை. அடிப்பாகமும் வெளுத்துக் கிடக்காமல் சுவரின் அதே பிஸ்கட் நிறத்துக்கு வந்திருக்கிறது. ஏசி இல்லாத சமையலறையில், வெளியே 39 டிகிரி கொளுத்திய நாளில் செய்தது இது. தற்பெருமைதான், இருக்கட்டும்.

பழ டார்ட் என்றால் எல்லோரும் கஸ்டர்டைப் பற்றியும் பழ அடுக்கைப் பற்றியும்தான் பேசுகிறார்கள். படத்தில் தெரிவது அவைதானே. ஆனால் நம் ஊரில் டார்ட்டின் தலையெழுத்து ஷெல்லில், அதாவது அவற்றைத் தாங்கும் பிஸ்கட் மாவுக் கிண்ணத்தில் இருக்கிறது. அது சரிந்துவிட்டால், மேலே எவ்வளவு நேர்த்தியாக மாம்பழத்தை அடுக்கினாலும் தட்டில் கொட்டிய கஸ்டர்டுதான் மிச்சம்.

அளவில் ரகசியம் எதுவும் இல்லை. 250 கிராம் மைதா, 120 கிராம் உப்பில்லாத வெண்ணெய், 90 கிராம் பொடித்த சர்க்கரை, 30 கிராம் பாதாம் தூள், ஒரு முட்டை, ஒரு சிட்டிகை உப்பு. ஊரே போடுகிற கணக்கு. 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள வளையத்தில் இரண்டு ஷெல் வரும். மாற்ற வேண்டியது அளவை அல்ல, வேலையின் வரிசையை.

புத்தகங்கள் எல்லாம் ஒரே பாட்டைப் பாடுகின்றன: மாவைப் பிசை, உருண்டையாக்கி ஃப்ரிட்ஜில் இரண்டு மணி நேரம் வை, பிறகு எடுத்துத் தேய். சமையலறை 20 டிகிரியில் இருக்கும் நாட்டுக்கு அது சரி. இங்கே நாலாபுறமும் மலை. சேர்வராயன், நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை என்று சுற்றி நிற்க, வாணலியின் அடியில் கிடக்கிறோம் நாம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த உருண்டை முதலில் கல்லாக இருக்கும். பூரிக்கட்டையை வைத்தால் பிளக்கும். கொஞ்சம் இளகட்டும் என்று விட்டால் ஓரம் எண்ணெய் விட ஆரம்பித்திருக்கும், நடு இன்னும் இறுகியே இருக்கும். வெண்ணெய் முழுதாக உருகுவதற்கு 32 முதல் 35 டிகிரி போதும். மே மாதத்தில் சமையல் மேடைக் கல்லே அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. பிளந்த இடத்தை ஒட்டி, மறுபடி திரட்டி, மறுபடி தேய்த்தால் மைதாவின் பசைத்தன்மை விழித்துக்கொள்கிறது. ஓவனுக்குள் போனதும் ஷெல் சுருங்குவது அதனால்தான். உருகிய வெண்ணெய் சுவரைச் சரிக்க, இழுபட்ட மாவு சுருங்க, இரண்டும் சேர்ந்து நம்மைப் பழிவாங்குகின்றன.

ஆகவே தலைகீழ் வரிசை. பிசைந்த கையோடு, மாவு இளக்கமாக இருக்கும்போதே இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவே வைத்துத் தேய்த்துவிட வேண்டும். தூவ மாவு வேண்டாம், பலம் வேண்டாம், ஒட்டுகிற பேச்சே இல்லை. தாளாகத் தேய்த்த மாவை அப்படியே தட்டோடு ஃப்ரீசரில் தள்ளிவிடலாம். வெட்டுவது, வளையத்தில் பொருத்துவது எல்லாம் அதற்குப் பிறகு. உருண்டை குளிர மணிக்கணக்காகும், மூன்று மில்லிமீட்டர் தாள் அரை மணிக்குள் விறைத்துவிடும். குளிர்ச்சியும் ஓரம் முதல் நடு வரை ஒரே சீராக இருக்கும்.

பிசைவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. மைதாவையும் பாதாம் தூளையும் முந்தின இரவே ஃப்ரீசரில் வைத்துவிடுகிறேன். மிக்ஸி ஜாரும் அங்கேதான். வெண்ணெயைச் சிறு கட்டிகளாக வெட்டிப் போட்டு, குமிழை இடப்பக்கம் திருப்பித் திருப்பி விட்டால் மணல் போல உதிர்ந்துவிடும். ஓடவிடக் கூடாது, ஜாரின் அடிச்சூடு உடனே ஏறிவிடும். குளிர்ந்த முட்டையை அடித்து ஊற்றி இன்னும் இரண்டு திருப்பு, அவ்வளவுதான். தேய்க்கும் இடத்தில் ஒரு தட்டு நிறைய ஐஸ் கட்டிகளைப் பரப்பி வைத்து, கல் குளிர்ந்ததும் எடுத்துவிட்டு, வியர்த்த ஈரத்தைத் துடைத்துவிட்டுத் தொடங்குவது இன்னும் நல்லது. இதற்கெல்லாம் காலை ஆறு மணிதான் முகூர்த்தம். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளாக இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஃப்ரீசரை நம்பித்தான் பிழைப்பே நடக்கிறது.

இப்போது வளையம். வெற்றியில் பாதிப் பங்கு இதற்கு.

முன்பெல்லாம் அடி உள்ள தகரத் தட்டில் மாவைப் பொருத்தி, மேலே பட்டர் பேப்பர் விரித்து, மாவு உப்பாமலும் சரியாமலும் இருக்கப் புளியங்கொட்டையை நிரப்பிச் சுட்டுக்கொண்டிருந்தேன். கொட்டை நல்ல கனம், செலவும் இல்லை, எத்தனை முறை வேண்டுமானாலும் பயன்படும். ஆனால் கொட்டைக்கு அடியில் மாவு வியர்த்து அவிகிறதே தவிர சுடப்படுவதில்லை. சுற்றிலும் துளையிட்ட, அடியில்லாத வளையத்தில் அந்தத் தொல்லை கிடையாது. மாவின் ஈரம் துளை வழியே வெளியேறுகிறது, சூடு நேராகச் சுவரில் படுகிறது, மாவும் துளைகளைப் பற்றிக்கொண்டு கீழே வழுக்காமல் நிற்கிறது. கொட்டையே தேவையில்லை. இறக்குமதி வளையத்தின் விலையைப் பார்த்ததும் இணையத்தை மூடிவிட்டேன்.

சேலத்தில் துளை போட ஆளா இல்லை? செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம், பாத்திரப் பட்டறையில் வளைத்து வாங்கிய எவர்சில்வர் பட்டை வளையத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெள்ளியில் ஓடிப் பழகிய துரப்பணம் எவர்சில்வரில் முனை மழுங்கிவிட்டது. “இனிமேல் இந்த மாதிரி எவர்சில்வர் வேலை எல்லாம் கொண்டுவராதீர்கள் அண்ணா, அலுமினியமாக இருந்தால் பார்க்கலாம்” என்று கோபித்துக்கொண்டார். ஆனால் வேலை வேலைதான். மூன்று வரிசைத் துளைகள், ஒவ்வொன்றும் இரண்டு மில்லிமீட்டர், இடைவெளி பிசகாமல். உள்பக்கத்துப் பிசிறை மட்டும் சிறிய அரத்தால் ஒவ்வொரு துளையாக ராவ வேண்டியிருந்தது. பிசிறு இருந்தால் சுட்ட ஷெல் வளையத்தை விட்டு வெளியே வராது. விரல் நுனியை உள்ளே ஓட்டிப் பார்த்து, எங்கேயும் உரசவில்லை என்ற பிறகுதான் வளையத்தைக் கையில் கொடுத்தார். அடுத்தது அலுமினியத்தில், எட்டு சென்டிமீட்டர் குட்டி வளையங்கள் ஆறு. முன்பணம் கொடுத்தாயிற்று.

பொருத்துவதிலும் ஒரு நுணுக்கம். வட்டமாக வெட்டிய மாவை வளையத்துக்குள் இறக்கி மூலைகளில் அழுத்துகிற வேலை நமக்கு வேண்டாம். அழுத்தும் விரலின் சூடே போதும், அந்த இடம் மெலிந்துவிடும். விறைத்த தாளிலிருந்து சுவருக்கு 33 சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு பட்டைகள், அடிக்கு ஒரு வட்டம் என்று தனித்தனியாக வெட்டுகிறேன். வளையத்தின் சுற்றளவு 63. ஒட்டுமிடத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏற மிச்சம் இருக்கிறது. முதலில் அடி, பிறகு சுவர். மேலே துருத்துவதை அப்போதே வெட்டாமல், மறுபடி ஃப்ரீசரில் விறைக்கவிட்டு, சிறு கத்தியை உள்ளிருந்து வெளியே இழுத்துச் சீவினால் விளிம்பு கண்ணாடி வெட்டியதுபோல் வரும். அடியை முள்கரண்டியால் குத்திவிட்டு 160 டிகிரியில் 25 நிமிடம். வளையத்தைக் கழற்றி, உள்ளும் புறமும் மஞ்சள் கரு பூசி, இன்னும் பத்து நிமிடம். ஈரம் இறங்காமல் காப்பது அந்தப் பூச்சுதான். வெள்ளைச் சாக்லேட் பூசுகிறவர்களும் உண்டு. எனக்கு அந்த இனிப்பு ஆகாது.

எங்கள் அத்தை முட்டை சேர்க்கமாட்டார். அவருக்கான ஷெல்லில் முட்டைக்குப் பதில் மூன்று மேசைக்கரண்டி குளிர்ந்த பால், நடுவில் கஸ்டர்டு பவுடர். முட்டை ஒத்துக்கொள்ளாத மனைவிக்காக 1837இல் பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்ட் கண்டுபிடித்ததுதானே அந்தப் பவுடர். அத்தையின் கட்சி பழையது.

முட்டை போடும் கஸ்டர்டு பற்றி ஒன்றே ஒன்று. குமிழி வந்தவுடன் இறக்காதீர்கள், அதன் பிறகும் இரண்டு நிமிடம் கிளறிக்கொண்டே கொதிக்கவிடுங்கள். மஞ்சள் கருவில் மாவுச்சத்தை உடைக்கும் ஒரு நொதி இருக்கிறது. அது சாகாவிட்டால் இரவு கெட்டியாக இருந்த கஸ்டர்டு காலையில் மோராக நிற்கும். ஜவ்வரிசி ஊரில் இருந்துகொண்டு கார்ன்ஃப்ளார் எதற்கு என்று மரவள்ளி ஸ்டார்ச்சையும் போட்டுப் பார்த்தேன். பளபளப்பு அபாரம், ஆனால் கரண்டியை எடுத்தால் கூடவே நூலாக வருகிறது, கத்தியால் வெட்டினால் முகம் நிற்பதில்லை. அரை லிட்டர் பாலுக்கு 30 கிராம் கார்ன்ஃப்ளார், 10 கிராம் மரவள்ளி என்று கலந்தால் இரண்டின் குணமும் கிடைக்கிறது. ஊர்ப்பற்றுக்கு அவ்வளவு இடம்தான் கொடுக்க முடியும்.

பாதாமைப் பொடியாக வாங்க வேண்டாம். டவுனில் ஒரு கடையில் வாங்கிய பாக்கெட்டைப் பிரித்ததும் பழைய எண்ணெய் நெடி அடித்தது. முழுப் பாதாமை வாங்கி, வெந்நீரில் போட்டுத் தோலுரித்து, நன்றாக உலர்த்தி, சர்க்கரையோடு சேர்த்துப் பொடித்துக்கொள்வதுதான் நல்லது.

பழம்? மல்கோவாவை டார்ட்டில் வைக்கிறவர்களை என்னால் மன்னிக்க முடியாது. அது கையில் வழிய வழியச் சாப்பிட வேண்டிய பழம். வெட்டி அடுக்கினால் ஒரு மணி நேரத்தில் ஷெல்லை நனைத்துவிடும். இமாம் பசந்தும் அப்படியே. டார்ட்டுக்குக் கிளிமூக்குதான். சதை இறுக்கம், புளிப்பும் கொஞ்சம் இருப்பதால் கஸ்டர்டின் இனிப்புக்கு ஈடு கொடுக்கிறது, மெல்லிய வில்லை வெட்டினாலும் மடிகிறதே தவிர உடைவதில்லை. அஸ்தம்பட்டி உழவர் சந்தையில் வாங்கிய காய்கள் வைக்கோலில் இருக்கின்றன.

ஏற்காட்டில் உறவினர் வீடு இருக்கிறது, அங்கே போய்ச் செய்தால் என்ன என்று கேட்கிறார்கள். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் பத்து டிகிரி குறையும், புத்தகத்து வரிசையே போதும்தான். ஆனால் அதில் என்ன வீரம் இருக்கிறது? மலைக்குப் போவது பழத்துக்காக மட்டும். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் அங்கே காப்பியோடு பேரிக்காயையும் கொண்டுவந்து நட்டார். அந்த மலைப் பேரிக்காய் பச்சையாகக் கடித்தால் பல்லைப் பதம் பார்க்கும். காப்பி டிகாக்ஷன் கலந்த சர்க்கரைப் பாகில் மெதுவாக வேகவைத்து, குட்டி வளையங்களில் பாதாம் கலவையோடு சேர்த்துச் சுட வேண்டும் என்று ஒரு திட்டம். குளிர்காலத்தில் கமலா ஆரஞ்சு. பேஷன் ஃப்ரூட் கிடைத்தால் அதன் புளிப்புக்குத் தனி டார்ட்டே செய்யலாம்.

இந்த டார்ட்டே இன்னும் முடியவில்லை என்பது நினைவிருக்கிறது. மினுக்குப் பூச்சு பாக்கி. ஜெலட்டின் நம் வெயிலில் மேசைக்கு வருவதற்குள் உருகி வழியும், விலங்கிலிருந்து எடுப்பது என்பதால் அத்தைக்கும் ஆகாது. கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் அகர் அறைச் சூட்டிலேயே உறைந்து, 80 டிகிரிக்கு மேல் போனால்தான் இளகும். சேலத்துக்கென்றே பிறந்த பொருள். 200 மில்லி தண்ணீருக்கு ஒரு கிராம் தூள், இரண்டு கரண்டி சர்க்கரை போட்டுக் கொதிக்கவைத்து, இறக்கிய பிறகே எலுமிச்சைச் சாறு விட வேண்டும். சாற்றோடு கொதித்தால் உறையும் சக்தி குறைந்துவிடும். ஒரு மாம்பழத் துண்டில் பூசிப் பார்த்தேன். மினுக்கு இருக்கிறது, ஆனால் தூரிகைக் கோடு தெரிகிறது. பூச்சு ஆற ஆறத் தடிக்கிறது போலும். அடுத்த முறை பாத்திரத்தை வெந்நீரில் வைத்துக்கொண்டே பூச வேண்டும், அல்லது தூளை முக்கால் கிராமாகக் குறைக்க வேண்டும். கிளிமூக்கு பழுப்பதற்குள் இரண்டையும் பார்த்துவிடுகிறேன். ஷெல் காற்றுப் புகாத டப்பாவில் மொறுமொறுப்பாகத்தான் இருக்கிறது.