எனக்கு ஓட்டு இல்லை என்றே நினைத்திருந்தேன்

2017 கோடையில் வேலை விசாவில் லண்டன் வந்து ஹாரோவில் ஒரு வீட்டின் மாடி அறையில் குடியேறினேன். அடுத்த வருடம் ஏப்ரலில் தெருவில் சில வீட்டு ஜன்னல்களில் கட்சி அட்டைகள் முளைத்தன, கதவு இடுக்கு வழியாகத் தினமும் நோட்டீஸ் விழுந்தது, நான் ஒன்றைக்கூடப் பிரித்துப் படிக்காமல் எல்லாவற்றையும் பழைய பேப்பரோடு சேர்த்துப் போட்டுவிட்டேன். என் பாஸ்போர்ட் இந்திய பாஸ்போர்ட், இவர்கள் தேர்தலில் எனக்கு என்ன வேலை என்று நினைத்தேன். கூட இருந்த நண்பர்களும் அப்படியேதான் சொன்னார்கள். 2018 மே 3 அன்று நடந்த அந்தக் கவுன்சில் (உள்ளாட்சி) தேர்தலில் எனக்கு ஓட்டு இருந்தது, அதுவும் ஒன்று இல்லை, மூன்று. இன்றைக்கும் நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இதை எனக்குச் சொன்னவர் கீழ் வீட்டு அன்ரி. யாழ்ப்பாணத்துக்காரர், எண்பதுகளின் கடைசியில் இங்கே வந்தவர். தேர்தல் முடிந்து சில மாதம் கழித்து, வாக்காளர் விவரம் கேட்டு வீட்டுக்கு வந்த கடிதத்தை நான் கிழிக்கப் போகும்போது பார்த்துவிட்டார். "தம்பி, கிழிக்காதையும். இந்தியப் பாஸ்போர்ட் எண்டாலும் உமக்கு வாக்கு இருக்கு. கொமன்வெல்த் தானே. முதல்ல பதிஞ்சு வையும்" என்றார். நான் நம்பவில்லை. மேலே போய்ப் பார்த்தேன், அவர் சொன்னது முழுக்கச் சரி.

காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள், இங்கே தங்குவதற்கு முறையான அனுமதி இருந்து பதினெட்டு வயதும் ஆகியிருந்தால், கவுன்சில் தேர்தலில் மட்டுமல்ல, நாடாளுமன்றத் தேர்தலிலும் ஓட்டுப் போடலாம். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், மொரீஷியஸ் எல்லாம் இதில் வரும். மாணவர் விசா, வேலை விசா, கணவன் அல்லது மனைவியோடு வந்த விசா, எதுவானாலும் சரி. பிரான்ஸிலோ ஜெர்மனியிலோ குடியுரிமை வாங்கிவிட்டு அப்புறம் லண்டனுக்கு மாறிய ஈழத்தமிழ்க் குடும்பங்கள் நம் தெருக்களில் நிறைய உண்டு. அவர்கள் ஐரோப்பியக் குடிமக்கள் என்பதால் நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டு கிடையாது, ஆனால் 2020 முடிவதற்கு முன்பே இங்கே சட்டப்படி வாழத் தொடங்கி இன்றும் இருப்பவர்களுக்குக் கவுன்சில் ஓட்டு உண்டு. பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகள் வீட்டு முகவரி, படிக்கும் ஊர் முகவரி இரண்டிலும் பதியலாம், இரண்டும் வேறு வேறு கவுன்சிலாக இருந்தால் இரண்டு கவுன்சில் தேர்தலிலும் ஓட்டுப் போடலாம். இவ்வளவும் இருந்தும் நம் ஆட்களில் எத்தனையோ பேர் என்னைப் போலவே தமக்கு இல்லை என்று இருந்துவிடுகிறார்கள்.

எனக்கு இது இவ்வளவு உறைத்ததற்கு ஊர்க் காரணமும் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் 2011-இல் நடந்தது, அந்தப் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது, அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றுதான் வந்தது. இடையில் ஐந்து வருடத்துக்கும் மேலே எங்கள் வார்டுக்குக் கவுன்சிலரே இல்லை, தனி அலுவலர்தான். தெருவிளக்கு எரியவில்லை என்றால் அம்மா யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? கவுன்சிலர் நல்லவரோ கெட்டவரோ, போய்த் திட்டுவதற்காவது ஒரு ஆள் வேண்டுமே. லண்டனில் பரோ எனப்படும் உள்ளாட்சிப் பகுதிகளில் 1978-லிருந்து நான்கு வருடத்துக்கு ஒரு தடவை மே மாதத்தில் ஒரு வியாழக்கிழமை தேர்தல் தவறாமல் நடந்து வருகிறது. ஊரில் அது இல்லாமல் ஏங்கிவிட்டு, இங்கே கையில் இருந்ததை நான் குப்பையில் போட்டிருக்கிறேன்.

பரோ என்பதை நம் ஊர் மாநகராட்சி மண்டலம் மாதிரி நினைக்கக் கூடாது. லண்டனில் 32 பரோக்கள், ஒவ்வொன்றும் தனிக் கவுன்சில், தனி பட்ஜெட். பஸ், ரயில், போலீஸ் எல்லாம் லண்டன் மேயர் பக்கம், ஆஸ்பத்திரி மத்திய அரசின் பொறுப்பு. மிச்சம் நாம் அன்றாடம் தொடுவது பெரும்பாலும் கவுன்சில்தான்: குப்பை, நூலகம், பூங்கா, பார்க்கிங் பெர்மிட், வீட்டுக்குப் பின்னால் ஒரு அறை இழுத்துக் கட்ட அனுமதி, பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கேட்கும் விண்ணப்பம். வெஸ்ட் ஈலிங்கில் கனக துர்க்கை அம்மன் தேர் தெருவில் வரும் நாளில் சாலையை மூட வேண்டுமென்றாலும் கவுன்சில் கையெழுத்து வேண்டும். ஆனால் பணத்தில் பெரும்பகுதி இவற்றுக்கெல்லாம் போவதில்லை. தனியாக இருக்கும் முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள், ஆதரவில்லாத குழந்தைகள் ஆகியோரின் பராமரிப்புக்குத்தான் போகிறது, சட்டப்படி அதைச் செய்தே ஆக வேண்டும், அதனால் கை இறுகும்போதெல்லாம் முதலில் வெட்டு விழுவது நூலக நேரத்தில், பூங்காவில். எதை வெட்டுவது, எதை விடுவது என்று தீர்மானிப்பவர்கள் இந்தக் கவுன்சிலர்கள். நம் வரிப்பணம்தானே அது, குடியுரிமை இருக்கிறதா என்று கேட்டுவிட்டா கவுன்சில் டாக்ஸ் வாங்குகிறார்கள்?

சரி, அந்த மூன்று ஓட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஊரில் ஒரு வார்டுக்கு ஒரு கவுன்சிலர். இங்கே பெரும்பாலான வார்டுகளுக்கு இரண்டு அல்லது மூன்று பேர், எத்தனை இடமோ அத்தனை பெயருக்கு நேரே பெருக்கல் குறி போடலாம், அதிக ஓட்டு வாங்கிய இரண்டு பேரோ மூன்று பேரோ ஜெயிக்கிறார்கள். மூவரும் ஒரே கட்சியாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நிறையப் பேர் ஒரே ஒரு குறி போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள், தாளின் மேலேயே எழுதியிருக்கும், அவசரத்தில் பார்ப்பதில்லை.

அதோடு ஒரு சிக்கல். வேட்பாளர் பெயர்கள் குடும்பப் பெயரின் ஆங்கில அகரவரிசையில் வரும். ஒரே கட்சியில் நிற்கும் மூன்று பேரில் மேலே பெயர் இருப்பவருக்குக் கொஞ்சம் கூடுதலாகவும் கீழே இருப்பவருக்குக் குறைவாகவும் விழுவது லண்டன் தேர்தல்களில் ஆராய்ந்து பார்த்துக் கண்ட விஷயம். நம் பெயர்களை நினைத்துப் பாருங்கள். சிவ, ஸ்ரீ, சுப்பிர, வேலு, யோக என்று ஆரம்பிக்கும் பெயர்கள் எல்லாம் ஆங்கில வரிசையில் அடியில் போய் உட்கார்ந்துவிடும். நமக்கோ குடும்பப் பெயர் என்பதே வழக்கமில்லை, அப்பா பெயர்தான் அந்த இடத்தில் போகிறது, ஆக ஒருவர் எந்த வரியில் வருகிறார் என்பதை அவருடைய அப்பாவுக்குத் தாத்தா வைத்த பெயர் தீர்மானிக்கிறது! ஒருவர் தமிழர் என்பதற்காக மட்டும் ஓட்டுப் போடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த அளவுகோலே எனக்குப் பிடிக்காது. தாளைக் கடைசி வரி வரை படித்துவிட்டுப் போடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

2022 மே 5. வேலைக்குக் கிளம்பும் முன் காலை ஏழரைக்கு அன்ரியும் நானும் நடந்தே போனோம். தேவாலய மண்டபம் ஒன்றில் வாக்குச்சாவடி. வாசலில் கட்சிப் பூ குத்திக்கொண்டு இரண்டு பேர் நின்று வாக்காளர் எண்ணைக் கேட்டார்கள், யார் வந்து போட்டார்கள் என்று கணக்கு வைக்க, சொல்ல வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை. உள்ளே பெயரையும் முகவரியையும் சொன்னேன், பட்டியலில் கோடு போட்டு நீளமான தாளைக் கொடுத்தார்கள். விரலில் மை வைக்கவில்லை. ஊரில் இயந்திரத்தின் பொத்தானை அழுத்தி 'பீப்' சத்தம் கேட்டுத்தான் பழக்கம், இங்கே மரத் தடுப்பில் நூலால் கட்டின ஒரு பென்சில். மூன்று பெயரும் மூன்று குறியும் போட ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டேன். பிப்ரவரியில்தான் அம்மா ஊரில் ஓட்டுப் போட்டு மை வைத்த விரலைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார், அன்று வெளியே வந்ததும் அவருக்கு போன் செய்து நானும் போட்டுவிட்டேன் என்றேன்.

அந்தத் தேர்தலில் லண்டன் முழுக்க லேபர் கட்சிப் பக்கம் காற்று அடித்தது. 1964-இல் நடந்த அந்த பரோவின் முதல் தேர்தலிலிருந்து கன்சர்வேட்டிவ் கட்சியின் கையில் இருந்த வெஸ்ட்மின்ஸ்டரையும், 1978-லிருந்து அவர்களிடமே இருந்த வான்ட்ஸ்வர்த்தையும் லேபர் பிடித்தது. எங்கள் ஹாரோ பரோவில் நேர்மாறு. 2018-இல் 35-க்கு 28 என்று லேபர் ஆண்ட கவுன்சில், 55 இடமாகக் குறைக்கப்பட்டபின் 31-க்கு 24 என்று கன்சர்வேட்டிவிடம் போனது. யார் ஜெயித்ததை நான் விரும்பினேன் என்பது இங்கே முக்கியமில்லை. தலைநகரமே ஒரு பக்கம் சாயும்போது ஒரு பரோ தன் காரணங்களுக்காக மறுபக்கம் போக முடிகிறது, அதுதான் உள்ளூர்த் தேர்தல். அந்த வருடம் லண்டனில் ஓட்டுப் போட்டவர்கள் மூன்றில் ஒரு பங்கை விடச் சற்றுத்தான் கூடுதல். இப்படி இருக்கும்போது ஒரு தெருவில் நான்கு வீடு கூடுதலாக எழுந்து போனாலே கணக்கு மாறலாம். 2017-இல் நார்தம்பர்லாந்து கவுன்சிலில் ஒரு வார்டில் இரண்டு பேர் சமமாக ஓட்டு வாங்கி, கடைசியில் குச்சி இழுத்துத்தான் முடிவு செய்தார்கள், தோற்ற கட்சிக்கு மொத்தக் கவுன்சிலின் பெரும்பான்மையும் அந்த ஒரே ஒரு இடத்தால் கைநழுவிப் போயிற்று.

அடுத்தது 2026 மே 7, காலை ஏழு முதல் இரவு பத்து வரை. ஒரு மாற்றம்: இந்த முறை பரோ தேர்தலுக்கும் புகைப்பட அடையாள அட்டை வேண்டும். நம் நாட்டு பாஸ்போர்ட் செல்லும், விசாவோடு கொடுத்த பிஆர்பி அட்டை காலாவதியாகியிருந்தாலும் முகம் ஒத்துப் போனால் செல்லும், பெரியவர்களின் இலவசப் பயண அட்டையான ஃப்ரீடம் பாஸ் செல்லும். மாணவர்களின் ஆய்ஸ்டர் பயண அட்டை செல்லாது. ஒன்றும் இல்லாதவர்களுக்கு இலவச அட்டை உண்டு. பெயர் பதியக் கடைசி நாள் ஏப்ரல் 20.

போன மாதம் பக்கத்துத் தெருவுக்கு ராமநாதபுரத்திலிருந்து ஒரு தம்பதி வந்திருக்கிறார்கள், அந்தத் தங்கச்சிக்கு முதியோர் இல்லத்தில் வேலை. எங்களுக்கு ஏதுண்ணா ஓட்டு என்று சொன்னார். என் போனிலேயே நேஷனல் இன்சூரன்ஸ் எண்ணைப் போட்டு இரண்டு பேருக்கும் பதிந்துகொடுத்தேன், பத்து நிமிடம்கூட ஆகவில்லை. நேற்று கவுன்சில் கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார், அவர் பெயருக்கு முன்னால் அப்பா பெயர் விழுந்திருக்கிறது, பாஸ்போர்ட்டில் வேறு மாதிரி. வாக்குச்சாவடியில் அட்டையோடு பொருந்தவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது, அதனால் சனிக்கிழமை அவர் வேலை முடிந்து வந்ததும் உட்கார்ந்து திருத்தி அனுப்பப் போகிறோம். அன்ரியும் வருகிறேன் என்றிருக்கிறார்.